மில்கா சிங் இல்லைங்க, சிவநாத் சிங்!



போன மாசம் நம்ம சுவர் இதழின் வினா-விடை மூலையில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். 1978இல் மாரத்தான் ஓட்டத்தில் இந்திய சாதனை படைத்து, 40 வருஷத்துக்கும் மேல் யாராலும் முறியடிக்க முடியாமல் வைத்திருந்த வீரர் யார் என்பது கேள்வி. விடைப் பெட்டியில் 26 சீட்டு விழுந்திருந்தது. அதில் 19 பேர் மில்கா சிங் என்று எழுதியிருந்தார்கள். 4 பேர் பி.டி. உஷா. (கேட்டது வீரர் என்று! வீராங்கனை இல்லை.) ஒருத்தர் சச்சின் என்று எழுதியிருக்கிறார். கையெழுத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரியுது, ஆனா பெயரை இங்கே எழுத மாட்டேன். மீதி 2 சீட்டு வெறும் சீட்டு. சரியான விடை ஒண்ணுகூட இல்லை.

சத்தியமா சொல்றேன், மூணு மாசத்துக்கு முன்னாடி யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் மில்கா சிங் என்றுதான் எழுதியிருப்பேன். மில்கா சிங் ஓடியது 400 மீட்டர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 4ஆவதாக வந்தார். அவர் பெரியவர்தான். ஆனால் நான் கேட்டவர் பெயர் சிவநாத் சிங். விடையை ஒரு வரியில் எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கலை. தமிழ் ஐயாவிடம் கேட்டு இந்தத் தடவை ரெண்டு சார்ட் வாங்கிக்கொண்டேன். எழுத்து பொடிசாக இருந்தால் மன்னிக்கவும்.

அவர் பெயரை எனக்குச் சொன்னது எங்க தெருத் தாத்தா. ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிப் பக்கம் வாக்கிங் போவார். நான் ஜோனல் 3000 மீட்டருக்காக ஓடிப் பழகுவதை தினமும் பார்ப்பார். திடீர்னு நாலு நாள் என்னைக் காணோம் என்றதும் வீட்டுக்கே வந்து விசாரித்தார். என் கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது, தீபாவளிக்கு அப்புறம்தான் புதுசு என்று அப்பா சொல்லிவிட்டார், அதனால் பெயரை எடுத்துவிடலாம் என்று இருக்கேன் தாத்தா என்றேன். அவர் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, தன் சர்வீஸ் காலத்தில் ராணுவத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொன்னார். அவர் சொன்னதோடு நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடிச் சேர்த்ததுதான் இது.

சிவநாத் சிங் பிறந்தது 1946 ஜூலை 11. ஊர் பீகார் மாநிலம் பக்ஸார் பக்கத்தில் மஜ்ஹரியா என்ற கிராமம். பக்ஸார் என்றதும் சமூக அறிவியல் மிஸ் ஞாபகத்துக்கு வருவாங்க. 1764 பக்ஸார் போர், 5 மதிப்பெண் கேள்வி! அதே ஊர்தான். அந்த ஊரில் இருந்து இன்னொரு விஷயமும் படிக்க இருக்குன்னு புத்தகத்தில் எழுதலை.

இளைஞராக ராணுவத்தில் சேர்ந்தார். பீகார் ரெஜிமென்ட். பின்னாளில் நாயிப் சுபேதார் வரை உயர்ந்தார். அந்தக் காலத்தில் ஓட்டம் என்பதே பிழைப்பாக இருக்க வழி இல்லை. ஒலிம்பிக் போட்டிக்குப் போகிறவர் ஓடி ஜெயித்துப் பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. அப்படின்னா சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதனால் நம்ம நாட்டில் ஓடத் தெரிந்தவர்களுக்கு வேலை கொடுத்து, பழகவும் நேரம் கொடுத்தது ராணுவம், ரயில்வே, போலீஸ், டாடா மாதிரி சில இடங்கள்தான். ராணுவத்தில் விடியற்காலையில் எல்லாரும் ஓடித்தான் ஆகணும். யார் மூச்சு வாங்காமல் முன்னாடி வருகிறார் என்பது அங்கே மறைந்து இருக்காது என்று தாத்தா சொன்னார்.

1974இல் டெஹ்ரானில் ஆசிய விளையாட்டு. 5000 மீட்டரில் சிவநாத்துக்குத் தங்கம், 10,000 மீட்டரில் வெள்ளி. அதே வருஷத்துக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது. இவ்வளவு போதும், எனக்கு அடுத்த இடத்துக்குப் போக அவசரம்.

அடுத்த இடம் கனடாவில் இருக்கும் மான்ட்ரியல். 1976 ஒலிம்பிக். 5000, 10,000 ஓடிக்கொண்டிருந்தவர் இங்கே மாரத்தானில் இறங்கினார். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அது எவ்வளவு தூரம் என்று நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுங்க. எழும்பூர், மாம்பலம், கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தாண்டி தாம்பரம் வந்தால் 29 கிலோமீட்டர். நாம வழக்கமா இறங்கிடுவோம். இறங்காமல் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று போய் கூடுவாஞ்சேரியை ஒட்டி வந்தால் ஏறக்குறைய ஒரு மாரத்தான். ரயிலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார்ந்து போனாலே நமக்கு இடுப்பு வலிக்கும்.

இதில் கஷ்டம் தூரம் மட்டும் இல்லை. நம்ம உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கும். வேகமாக ஓடும்போது அதுதான் முதல் எரிபொருள். 30 கிலோமீட்டர் வாக்கில் அந்தச் சேமிப்பு தீர ஆரம்பிக்கும். அதாவது, நம்ம ரயில் கணக்குப்படி தாம்பரம் ஸ்டேஷனைத் தாண்டினதும். அதற்கு மேல் காலில் ஈயக் குண்டைக் கட்டின மாதிரி ஆகிவிடுமாம். பழக்கமான ஓட்டக்காரர்கள் பாதி வழியில் ஜெயிப்பதில்லை, பெருங்களத்தூரில்தான் ஜெயிக்கிறார்கள்.

1976 ஜூலை 31. மான்ட்ரியலில் மழை. கூட இறங்கியவர்களின் பெயரைக் கேளுங்க. அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர், போன ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். பின்லாந்தின் லாஸே விரேன், அதே ஒலிம்பிக்கில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, அடுத்த நாளே மாரத்தானுக்கும் வந்து நின்றவர். (5000 மீட்டர் இறுதிப் போட்டி முந்தின நாள்தான் நடந்தது. அதை நினைச்சா எனக்குக் கால் வலிக்குது.) பெல்ஜியத்தின் லிஸ்மாண்ட். அமெரிக்காவின் பில் ராட்ஜர்ஸ். யாரும் அவ்வளவாகக் கவனிக்காத கிழக்கு ஜெர்மனியின் சியர்பின்ஸ்கி. இந்தப் பெரிய தலைகள் சேர்ந்து ஓடிய முன்னணிக் கூட்டத்தில், முதல் பாதியில், பக்ஸார்காரரும் கூடவே ஓடினார்.

கடைசியில் சியர்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வாங்கினார். விரேன் 5ஆவது. பில் ராட்ஜர்ஸ் பின்வாங்கி 40ஆவது. சிவநாத் சிங் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் 11ஆவது.

11ஆவது என்றால் பதக்கமும் இல்லை, முதல் பத்தும் இல்லை. ஒரே ஒரு இடம் தவறிப்போச்சு. நம்ம பள்ளி ஸ்போர்ட்ஸ் டேயில் 4ஆவதாக வந்தவர் பெயரையே மைக்கில் படிக்க மாட்டாங்க. அதனால்தான் அவர் பெயர் நம்ம வரைக்கும் வரலையோ என்று எனக்குத் தோணுது. ஆனால் யோசிச்சுப் பாருங்க, ஒலிம்பிக் மாரத்தானில் உலகத்திலேயே 11ஆவது!

அந்த மான்ட்ரியல் ஒலிம்பிக்கே நம்ம ஓட்டக்காரர்களுக்கு ஒரு வினோதமான ஒலிம்பிக். ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் முதல் சுற்று முழுக்க முன்னால் ஓடி, 1 நிமிடம் 45.77 விநாடியில் 7ஆவதாக வந்தார். அந்த ஓட்டத்தில் கியூபாவின் ஹுவான்டொரேனா உலக சாதனை செய்தார். ஸ்ரீராமின் இந்திய சாதனை 2018 வரைக்கும் நின்றது. ஹரி சந்த் 10,000 மீட்டரில் போட்ட இந்திய சாதனை 2008 வரைக்கும் நின்றது. மூணு பேருக்கும் பதக்கம் இல்லை. மூணு பேரையும் அடுத்த முப்பது நாற்பது வருஷம் சொந்த நாட்டில் யாரும் பிடிக்கவும் இல்லை.

இப்போ கால் விஷயத்துக்கு வருவோம். சிவநாத் சிங் பல ஓட்டங்களை வெறுங்காலில் ஓடியவர். ஷூ கிடையாது. பாதத்தில் பிளாஸ்திரி மட்டும் சுற்றிக்கொள்வார். தார் ரோட்டில், 42 கிலோமீட்டர்! இதைக் கேட்டதும் நான் தாத்தாவிடம், அப்போ ஷூவே வேண்டாம்தானே என்று குதித்தேன். அவர் தலையில் குட்டாத குறை. வெறுங்கால் பெருமை இல்லைடா தம்பி, சின்ன வயசிலிருந்து பழகின கால் அது, அப்படிப் பழகின காலுக்கே பிளாஸ்திரி தேவைப்பட்டதே, அதை யோசி என்று சொன்னார். அது எனக்கு உறைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார் என்று எல்லாரும் சொல்வாங்க. அவரே 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடி தங்கம் வாங்கினார், உலக சாதனையோடு. அந்த நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. இந்த எண்ணைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க.

1978 மே 28. பஞ்சாபில் ஜலந்தர். தேதியைப் பாருங்க. நம்ம ஊரில் கத்திரி வெயில் முடியுற நேரம். பஞ்சாபில் மே கடைசி என்றால் அனல் காற்று வீசுகிற காலம். அன்றைக்கு சிவநாத் சிங் மாரத்தான் ஓடி முடித்த நேரம் 2 மணி 12 நிமிடம் 0 விநாடி. அவருக்கு அப்போது 31 வயசு. டோக்கியோவில் பிகிலா போட்ட நேரத்தைவிட 11 விநாடி குறைவு. ரெண்டு ஊர், ரெண்டு பாதை, அதனால் நேரடியாக ஒப்பிடுவது சரியில்லை என்று பி.டி. சார் சொல்வார். சரிதான். இருந்தாலும் எனக்கு அந்த 11 விநாடி பிடிச்சிருக்கு.

2 மணி 12 நிமிடம் என்பது என்ன வேகம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி. 400 மீட்டர் சுற்றுக்கு 75 விநாடி. அப்படி 105 சுற்று, அதற்கு மேல் அரைச் சுற்று. எங்க வகுப்புப் பையன்கள் இதை நம்பலை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடில் சாரிடம் ஸ்டாப் வாட்ச் கேட்டு சோதனை செய்தோம். நம்ம கிரவுண்டு 200 மீட்டர்தான், அதனால் ரெண்டு சுற்று ஓடினால் 400. 31 பேர் கிளம்பினோம். முதல் 400ஐ 75 விநாடிக்குள் முடித்தவர்கள் 11 பேர். நிற்காமல் அடுத்த 400ஐயும் அதே நேரத்தில் முடித்தவர்கள் 2 பேர். மூணாவதில் ஒருத்தரும் இல்லை. அந்த ரெண்டு பேரில் நானும் ஒருத்தன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவிக்கிறேன். மூணாவதில் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி என் பெஞ்சுக்காரன் பிடிவாதம் பிடிக்கிறான். எழுதிட்டேன்.

என்னோட 3000 மீட்டர் நேரம் அப்போது 11 நிமிடம் 40 விநாடி. அவர் வேகத்தில் 3000 மீட்டர் என்றால் 9 நிமிடம் 23 விநாடி. அதையே அவர் ஒண்ணுக்குப் பின் ஒண்ணாக 14 தடவை ஓடினார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் பெரிய வெற்றிச் செய்தி எதுவும் நான் படித்ததில் இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் மாரத்தானிலும் இறங்கினார். ஆனால் முடிக்கவில்லை, வழியிலேயே நின்றுவிட்டார். அங்கேயும் தங்கம் அதே சியர்பின்ஸ்கிக்குத்தான், 2 மணி 11 நிமிடம் 3 விநாடி. ராணுவத்தை விட்ட பிறகு சிவநாத் ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலையில் வேலை பார்த்தார். 2003 ஜூன் 6ஆம் தேதி கல்லீரல் நோயான ஹெபடைடிஸால் ஜாம்ஷெட்பூரில் இறந்துபோனார். 57 வயசு முடிய ஒரு மாசம் இருந்தது.

இதை நான் கம்ப்யூட்டர் லேபில் படித்துவிட்டு, சாயங்காலம் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தெரியலை. இத்தனை வருஷமும் அவர் எங்கேயோ இருக்கார் என்றே நினைச்சிட்டு இருந்திருக்கார். எந்த வருஷம் என்று மறுபடி கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் நாளைக்குக் காலையில 5 மணிக்கு வந்துடு என்று மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

இப்போ அந்தச் சாதனை பற்றி. இதைப் பற்றி எனக்கும் பி.டி. சாருக்கும் ஒரு சின்ன வாக்குவாதமே நடந்தது. 40 வருஷத்துக்கும் மேல ஒருத்தரும் தொட முடியலையே, எவ்வளவு பெருமை சார் என்றேன். சார் சிரிக்கவே இல்லை. அவருக்கு அது பெருமை, நமக்கு என்ன என்று கேட்டார். அப்புறம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

1978இல் உலகத்தின் சிறந்த மாரத்தான் நேரம் ஆஸ்திரேலியாவின் டெரிக் கிளேட்டன் 1969இல் ஓடியது, 2 மணி 8 நிமிடம் 33 விநாடி. சிவநாத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 3 நிமிடம் 27 விநாடி. அப்புறம் 2019 மார்ச்சுக்கு வருவோம். கேரளத்து வயநாட்டுக்காரர் கோபி, அவரும் ராணுவ வீரர்தான், தென் கொரியாவின் சியோலில் 2 மணி 13 நிமிடம் 39 விநாடியில் ஓடினார். 41 வருஷத்தில் சிவநாத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தவர் அவர்தான். அப்படியும் 1 நிமிடம் 39 விநாடி அதிகம். ரெண்டு பேரும் சேர்ந்து ஓடியிருந்தால் சிவநாத் அரைக் கிலோமீட்டர் முன்னாடி போயிருப்பார். நம்ம பள்ளி கேட்டில் இருந்து வேளச்சேரி ரோடு சிக்னல் தூரம். ஆனால் சார் காட்டியது அதை இல்லை. 2019 மார்ச்சில் உலக சாதனை கென்யாவின் கிப்சோகே 2018இல் பெர்லினில் ஓடிய 2 மணி 1 நிமிடம் 39 விநாடி. கோபிக்கும் அவருக்கும் சரியாக 12 நிமிடம் இடைவெளி.

அதாவது பிளாஸ்திரி சுற்றின காலத்தில் உலகத்துக்கும் நமக்கும் மூணரை நிமிஷம். நல்ல ஷூ, கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் வந்த காலத்தில் 12 நிமிஷம். 2023இல் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் ஓடியபோது இடைவெளி இன்னும் கூடிப்போச்சு. சாதனை உடையாமல் இருந்ததற்கு சிவநாத்தின் கால் ஒரு காரணம். அதற்கு அப்புறம் வந்தவர்களை நாம கவனிக்காமல் விட்டது இன்னொரு காரணம் என்பது சாரின் கட்சி. நான் முதலில் ஒத்துக்கலை. அந்த 12 நிமிஷத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக கோபியைக் குறை சொல்ல மாட்டேன். 2017இல் ஆசிய மாரத்தான் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியவர் அவர். அதே 2017இல் நம்ம புதுக்கோட்டை லட்சுமணன் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10,000 ரெண்டிலும் தங்கம் வாங்கினார். விடைப் பெட்டியில் அவர் பெயரையாவது ஒருத்தர் எழுதியிருக்கலாம். தப்பாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஜோனலில் என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு: நான் பெயரை எடுக்கலை. காலையில் 5 மணிக்கு ஏரிப் பக்கம் தாத்தா நின்றுகொண்டு எண்ண, 12 நாள் ஓடினேன். ஷூ வரலை. சீனியர் அண்ணன் ஒருத்தர் தன் பழைய ஷூவைக் கொடுத்தார். அது ரெண்டு சைஸ் பெரிசு, முன்னாடி துணி அடைத்துப் பார்த்தும் சரிப்படலை. கடைசியில் பிளாஸ்திரிதான். தாத்தாவே குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் சுற்றிவிட்டார். 14 பேர் ஓடினோம். நான் 5ஆவது. நேரம் 11 நிமிடம் 21 விநாடி. டிவிஷனுக்குப் போக முதல் 2 இடம் வேணும், அதனால் போகலை.

வெறுங்காலில் ஓட நினைக்கிறவங்க மருந்துக்கடையில் துணிப் பிளாஸ்திரி என்று கேட்டு வாங்குங்க. நான் காசு மிச்சம் பிடிக்கிறேன்னு பேப்பர் பிளாஸ்திரி வாங்கிட்டேன். 4ஆவது சுற்றிலேயே பிரிஞ்சு வால் மாதிரி பின்னாடி ஆடிக்கிட்டே வந்துச்சு.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு